துரைமார் பாட்டின் மெட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலியைப் பேசுகிறோம், அது முடிந்தால் பேரப்பிள்ளைகளின் பரீட்சையைப் பேசுகிறோம். போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருத்தி, "இந்தச் சரித்திரத்தப் படிச்சு யாருக்கு என்ன பிரயோசனம், எல்லாம் செத்தவன் கதை" என்றாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாகப் பின்னால் பேசிக்கொண்டீர்களாம். ஆமாம், கோபம்தான். அவள் சொன்னது பொய்யென்று கோபமில்லை. செத்தவன் கதையை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அந்தக் கோபம். இத்தனை காலம் கழித்து உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

எங்கள் அப்பா திருநெல்வேலியில் ஒரு ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். கட்டடம் இன்னும் நிற்கிறது, உங்கள் வீட்டுப் பையன்களே அதில் படித்திருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. மத்தியானம் தூக்குச்சட்டியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. நான் போகும் நேரம் பெரும்பாலும் வகுப்பு முடிந்திருக்காது. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். பொம்பளைப் பிள்ளை உள்ளே போகக்கூடாது. வெளியே நின்று கேட்பதை யார் தடுக்க முடியும்? நான் சரித்திரம் படித்தது முழுக்க அந்தச் சன்னலில்தான்.

அந்த வகுப்புக்கென்று ஒரு வாசனை உண்டு. சுண்ணாம்புக் கட்டி, மைக்கூட்டில் ஊறிய பழைய மை, மழைக்காலமென்றால் பையன்களின் ஈர வேட்டி. சுவரில் துணியில் ஒட்டிய ஒரு பெரிய தேசப்படம் தொங்கும். ராமபாணப் பூச்சி அரித்து வங்காளத்தில் ஒரு ஓட்டை, நிசாம் சீமையில் ஒரு ஓட்டை. அப்பா பிரம்பை அந்த ஓட்டைக்குள் விட்டு, "இங்கன ஒரு ராச்சியம் இருந்துச்சு, பூச்சி தின்னுட்டு. ராச்சியத்தையும் படத்தையும்" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். நான் வெளியே நின்று சிரிப்பேன்.

அப்பா பாடம் நடத்துவது நாடகம் போடுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பையனையும் ஒரு கவர்னராக நிறுத்துவார். "ஏலே, எந்தி. நீ கப்பல விட்டு எறங்கியாச்சு. என்ன வரி போட்டே, யார்கூடச் சண்டை பிடிச்சே, சொல்லு. சொல்லத் தெரியலேன்னா ஒன்னயச் சீமைக்கே திருப்பி அனுப்பிருவேன்." பையன் திணறித் திணறிச் சொல்வான். சொல்லி முடித்து உட்கார்ந்தால் அடுத்தவன் எழுந்திருக்க வேண்டும். ஒருவன் ஆண்டு முடிகிறதும் இன்னொருவன் ஆளத் தொடங்குகிறதும் அப்படித்தான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. வேட்டி நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்திருக்கிற கவர்னர்கள்.

நான் சொல்லும் வருஷத்தில் அந்தக் கலகலப்பு போய்விட்டது. சர்க்கார் பரீட்சைத் திட்டத்தை மாற்றியது. இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் சர்க்கார் பரீட்சை. இந்திய சரித்திரத்துக்குக் கிடையாது, பள்ளிக்கூடமே மார்க்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பரீட்சை இல்லை என்று தெரிந்த அன்றைக்கே பையன்கள் சரித்திரப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். சரித்திர வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் அப்பாவைப் பார்த்து, "என்ன வே, ஒம்ம பாடு தேவல, பயலுக தேறினாலும் தேறாட்டாலும் ஒம்ம யாரும் கேக்கப் போறதில்ல" என்று சொன்னாராம். அப்பா வீட்டில் வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்த பிறகு சாப்பிடாமல் கை கழுவினார்.

சில நாள் கழித்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. "பாடம்னா படிக்க மாட்டானுவ. பாட்டுன்னா படிப்பானுவல்லா?" என்றார். முதல் கவர்னர் துரையிலிருந்து அன்றைக்கு இருந்த துரை வரைக்கும், யார் வந்தார், என்ன செய்தார், எப்போது கப்பலேறினார் என்று கண்ணி கண்ணியாகக் கட்டிவிட்டார். பாட்டு வாயில் நிற்க மெட்டு வேண்டுமே. அப்பாவுக்குச் சங்கீதம் வராது. கோயிலில் ஓதுவார் பாடினாலும், தெருவில் குடுகுடுப்பைக்காரன் பாடினாலும் அவருக்கு ஒன்றுதான். அவருக்குத் தெரிந்த மெட்டு ஒன்றே ஒன்று. அது எங்கள் அம்மா முனகுகிற மெட்டு.

அம்மா எப்போதும் முனகுவாள். அம்மியில் அரைக்கும்போது, ஆட்டுரலைச் சுற்றும்போது, முற்றம் பெருக்கும்போது, வாய் திறக்காமல் மூக்காலேயே ஒரு இழுப்பு. வார்த்தை கிடையாது. மேலே போய் நிற்கும், பிறகு பைய இறங்கும், திரும்பவும் மேலே போகும். எல்லா வீட்டு அம்மாவும் அரைக்கும்போது அப்படித்தான் முனகுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு நாலைந்து வயதிருக்கும்போது அவன் பிறந்தான். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா வாத்தியார் பயிற்சிக்கு என்று சென்னைக்குப் போய்விட்டார். ஒரு வருஷப் படிப்பு. அதில் தேறினால்தான் ஹைஸ்கூல் வாத்தியார், தவறினால் கீழ் வகுப்புக்காரர். நாங்கள் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அப்பாவின் அண்ணன் அவர், கோர்ட்டில் குமாஸ்தா. அவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். தம்பிக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் ஒரு சின்ன மணி. அவன் தவழ்ந்து வந்தால் மணிச்சத்தம் முன்னால் வரும். அவனிடம் எனக்கு நினைவிருப்பது அந்தச் சத்தம் மட்டுந்தான், முகம் நினைவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறாது.

ஒரு சமயம் என்னை நாங்குநேரியில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெகுநாள் அங்கேயே இருந்தேன். பெருமாள் கோயில் தேர் பார்த்தேன், சாமிக்குச் சாத்தின எண்ணெயை ஊற்றிவைக்கிற கிணறு பார்த்தேன், திரும்பி வந்தபோது மணிச்சத்தம் இல்லை. "தம்பி எங்க?" என்று கேட்டேன். பெரியம்மை என் வாயைப் பொத்தி, "சாமிகிட்டப் போயிட்டான், அம்மாகிட்டக் கேக்கப்படாது" என்றாள். நானும் கேட்கவில்லை. அதற்கும் பிறகுதான் அப்பா ஊர் வந்து சேர்ந்தார். ரயிலடியிலேயே பெரியப்பா அவரைத் தனியாகக் கூட்டிப்போய், போன வாரம் காய்ச்சல் கண்டு பிள்ளை போய்விட்டதாகச் சொன்னாராம். அப்பா ஆற்றில் முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் நின்றாள். அழவில்லை. தேறிவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்துச் சந்துக்குத் தனிக்குடித்தனம் வந்தோம், அம்மா முனகத் தொடங்கினாள், பிள்ளைக்குப் பாடின தாலாட்டை நினைத்து முனகுகிறாள் போல என்று அவர் அதையும் தானாகவே நினைத்துக்கொண்டார்.

அப்பா துரைமார் பாட்டை முதலில் வீட்டில்தான் பாடிப் பார்த்தார். நான் கூடவே தாளம் போட்டேன். அம்மா உள்ளேயிருந்து மாவுக்கையோடு வந்து நின்றாள்.

"இந்த மெட்டு வேண்டாமே" என்றாள்.

"ஏன், நல்லாத்தான இருக்கு? ஒன் மெட்டுதான். பயலுக ஒரே நாள்ல பிடிச்சுக்கிடுவானுவ."

"வேற எதாவது போடுங்க."

"எனக்கு வேற என்ன தெரியும்? ஏளா, இது பிள்ளைக்குப் பாடுன தாலாட்டுதான?"

அம்மா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அந்த 'ம்' ஒன்றுக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் குடும்பம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவிடாமல் அவளை வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பையன்கள் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், அப்படிப் பிடித்துக்கொண்டார்கள். மேசையில் தட்டிக்கொண்டு குதிரை ஓட்டமாகப் பாடுவார்கள். தெருவில் பாடினார்கள், படித்துறையில் பாடினார்கள், பாலத்தில் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே பாடினார்கள். 'கடல்கடந்து வந்தாரே, கல்கத்தா ஆண்டாரே, நிலமளந்து வச்சாரே, நிலவரியும் சொன்னாரே' என்று போகும். கணக்கு வாத்தியார் வகுப்பிலும் யாரோ முனகி அடி வாங்கினான். அந்த வேகத்தில் அது என்ன மெட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அந்த மாதங்களில் இருந்த சந்தோஷத்தில் நான் பிறகு அவரைப் பார்த்ததே இல்லை. "பரீட்சை இல்லாட்டா என்ன, சாகுற வரைக்கும் மறக்க மாட்டானுவ" என்றார்.

அந்த வருஷம் நம் சீமை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனி மாதம் ரயிலில் கலெக்டர் துரையைச் சுட்டுக் கொன்றபின், ஊரில் நாலு பேர் சேர்ந்து நின்றால் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் நிற்பான். வாத்தியார்கள் வீட்டில் புத்தகம் வைத்திருக்கவே பயந்தார்கள். அப்பாவும் பழைய பத்திரிகைகளை வெந்நீர் அடுப்பில் போட்டார். அப்படிப்பட்ட நேரத்தில், கார்த்திகையில், டெல்லியில் சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேக தர்பார் நடந்தது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கொண்டாட வேண்டும் என்று உத்தரவு. நம் ஊர் ராஜபக்தியுள்ள ஊர் என்று காட்டியாக வேண்டிய கட்டாயம்.

தலைமை வாத்தியார் நல்ல மனுஷர்தான், பயந்த மனுஷர். அப்பாவைக் கூப்பிட்டு, "வே, ஒம்ம பயலுக துரைமார் பாட்டுப் பாடுதானுவல்லா, அத வச்சிருவோம். நம்ம ஸ்கூல்ல சரித்திரம் எப்படிச் சொல்லிக் குடுக்கோம்னு துரை பாக்கட்டும்" என்றார். ஒத்திகையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஆனா ராஜா படத்துக்கு முன்னால இப்படிக் குதிரை ஓட்டமாவா பாடுறது? நிதானமாப் பாடச் சொல்லும். மரியாதையா, இழுத்து" என்றார். அப்பா சரி என்றார்.

அன்று காலையெல்லாம் தூறல். பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல். பந்தல் கீற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேடையில் ராஜா ராணி படம், ரோஜாமாலை, முன்னால் குத்துவிளக்கு. ஒரு வெள்ளைக்காரத் துரை, பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற டெபுடி, பெரிய தலைப்பாகைகள். அவர்கள் காலுக்குப் பத்தமடைப் பாய் விரித்திருந்தது. பையன்களுக்கு மாட்டிக்கொள்ள ஒரு வளையம் வைத்த தகர மெடல், அதில் ராஜா தலையும் ராணி தலையும், ஆளுக்கொரு கை கற்கண்டு. எனக்கும் ஒரு மெடல் கிடைத்தது. அது எங்கே தொலைந்ததோ தெரியாது. மூங்கில் தட்டிக்குப் பின்னால் பெண்களுக்கு இடம். அம்மாவோடு நான் அங்கே உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் வக்கீல் வீட்டம்மா. கல்யாணமாகிப் போன அவர் மகள் பிரசவத்தில் செத்து மாதம் ஆகவில்லை. வரமாட்டேன் என்றவரை, வராவிட்டால் வக்கீல் பேரில் சந்தேகம் வரும் என்று கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தார்கள்.

பையன்கள் எழுந்து பாடினார்கள். நிதானமாக, இழுத்து, மரியாதையாக.

முதல் கண்ணி முடிவதற்குள் தட்டிக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது கண்ணியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னப் பிள்ளையான எனக்கே தெரிந்துவிட்டது. இழவு வீட்டுக்கு நானும்தான் போயிருக்கிறேன், பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதே மேலேற்றம், அதே இறக்கம். அது ஒப்பாரி. அத்தனை நாளும் அது ஒப்பாரிதான்.

வக்கீல் வீட்டம்மாவால் தாங்க முடியவில்லை. "ஐயோ என் பொன்னே" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்தப் பார்த்தார்கள். அவர் கைகளை உதறிவிட்டு மெட்டு தப்பாமல் பையன்களோடு சேர்ந்து அழுதார். அவர் அழுததும் இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். பந்தலில் ஆண்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ டெபுடியின் காதில் குனிந்து சொன்னார், டெபுடி துரையின் காதில் சொன்னார். பாவம் பையன்கள், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள், மாலை போட்ட படத்துக்கு முன்னால், ஒவ்வொரு துரைக்காக. அப்பா ஒன்றும் புரியாமல் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இடத்தில் பாய்தான் இருந்தது.

ஊர் என்ன பேசியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கலெக்டர் செத்த அதே வருஷத்தில், ராஜாவுக்குப் பட்டம் கட்டுகிற நாளில், வாத்தியார் பையன்களை வைத்துச் சர்க்காருக்கு ஒப்பாரி பாடிவிட்டார். சிலர் மெச்சினார்கள், காதோடு காதாக. மெச்சியவர்கள் ஒருவரும் எங்கள் சந்துக்குள் வரவில்லை. போலீஸ் வந்தது, பரணில் ஏறிப் பார்த்தது. அப்பா எழுத்தில் விளக்கம் கொடுத்தார். இது ஒப்பாரி அல்ல, என் மனைவி எங்கள் குழந்தைக்குப் பாடிய தாலாட்டு, மெட்டில் ஒற்றுமை இருந்தால் அது தற்செயல் என்று எழுதினார். மனதார நம்பித்தான் எழுதினார்.

டெபுடியும் கெட்டவர் அல்ல. தலைமை வாத்தியார் போய்க் கெஞ்சியதில் இறங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வாத்தியார் மனைவி உள்ளேயிருந்தபடியே இரண்டு அடி தாலாட்டுப் பாடட்டும், நான் காதால் கேட்டுவிட்டேன், தாலாட்டுத்தான் என்று எழுதிவிடுகிறேன், அத்தோடு இது முடிந்துபோகும் என்றார். இல்லாவிட்டால் வேலை போகும், வேறு எந்தப் பள்ளிக்கூடமும் சேர்க்காது, ஜெயில் வரைக்கும் போனாலும் போகும்.

பெரியப்பா முந்தின நாளே வந்துவிட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை அல்லவா, என்னை நடுவில் நிறுத்தி, என்னிடம் சொல்வது மாதிரி அவளுக்குச் சொன்னார்.

"ஒங்க அம்மாட்டச் சொல்லு. ஆராரோன்னு ரெண்டு அடி போதும். வேற ஒரு வார்த்தை வரப்படாது. ஒங்க அப்பன் வேலை இப்ப அவ நாக்குல இருக்குன்னு சொல்லு."

அம்மா என்னைப் பார்த்து, "சரின்னு சொல்லு" என்றாள்.

ஞாயிறு காலை டெபுடியும் தலைமை வாத்தியாரும் வந்து முன்கூடத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் பட்டாசலில், உட்கார்ந்தார்கள். அப்பா தூணோரம் நின்றார். பெரியப்பா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா உள்கதவுக்குப் பின்னால் நின்றாள், நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கை என் தலையில் இருந்தது.

"பாடச் சொல்லுங்கள்" என்றார் டெபுடி.

அம்மா தொடங்கினாள். "ஆராரோ ஆரிரரோ" என்று அதே மெட்டில், நடுங்காமல் ஒரு அடி பாடினாள். வெளியே தலைமை வாத்தியார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டெபுடி, "சரி, இன்னொரு அடி" என்றார். அம்மா வாய் திறந்தாள். அந்த மெட்டுக்கு அவளிடம் வேறு வார்த்தை இல்லை.

'எண்ணெ தேச்சுக் குளிப்பாட்ட
எடுத்து வச்ச கிண்ணம் இங்கே
கிண்ணம் இங்கே இருக்குதய்யா என்
கண்ணு நீயும் எங்க போனே'

பெரியப்பா ஓடிவந்து கதவைத் தட்டினார். அம்மா கேட்கும் நிலையில் இல்லை. உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவையாக அவள் குரலை முழுசாகக் கேட்டேன். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. தம்பியின் காலைச் சொல்லி அழுதாள், மணியைச் சொல்லி அழுதாள், பல் முளைத்ததைச் சொல்லி அழுதாள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் தெருப் பெண்கள் போட்டது போட்டபடி வருவார்கள், அதுதான் முறை. யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டே, டெபுடியையும் தலைமை வாத்தியாரையும் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். யார் செத்தது என்றுகூட ஒருத்தியும் கேட்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து எடுத்துப் பாடினார்கள். எந்தக் காலத்திலோ போன பிள்ளைக்கு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் இழவு விழுந்தது.

டெபுடி காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். "நான் என்ன எழுத முடியும், நீங்களே சொல்லுங்கள்" என்று அப்பாவிடம் கேட்டார்.

உத்தரவு பொங்கலுக்கு முன்னால் வந்தது. ஜெயிலுக்குப் போகவில்லை, அந்தமட்டும் டெபுடி உதவியிருந்தார். வேலை போயிற்று. அதன்பின் அப்பாவை எந்த ஹைஸ்கூலும் சேர்க்கவில்லை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கணக்கு வராது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. பரீட்சை இல்லாத பாடம்தானே, டிரில் வாத்தியாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பையன்களை ஒரு மாதம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தார்கள், பையன்கள் பாட்டையே மறந்துவிட்டார்கள். சாகிறவரை மறக்கமாட்டார்கள் என்று சொன்ன மனுஷர் அதையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வேலை போனதற்காக நான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதுவேனா? எத்தனை பேருக்கு வேலை போயிருக்கிறது.

உத்தரவு வந்த அன்று மத்தியானம் பெரியப்பாவும் வந்திருந்தார். பட்டாசலில் உட்கார்ந்து, யாரைப் பார்க்கலாம், எந்த வக்கீலைப் பிடிக்கலாம் என்று தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து அடுப்படிக்கு வந்தார். அவர் அடுப்படிக்கு வருகிறவர் அல்ல. வந்து தரையில் உட்கார்ந்தார்.

அம்மா, "என் வாயாலதான கெட்டுது" என்றாள்.

"அத விடு. இத்தன வருஷமா அழுதுக்கிட்டு இருந்திருக்கே. ஒரு நாளாவது வாயத் தொறந்து அழுதிருக்கப்படாதா? எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"அழக்கூடாதுன்னுட்டாக."

"யாரு?"

அம்மா பட்டாசல் பக்கம் கையைக் காட்டினாள். "தெருவுல சத்தம் கேட்டா யாராவது ஒங்களுக்கு எழுதிப் போட்ருவாக, பரீட்சை கெட்ரும்னாக. வாய மூடிக்கிட்டு அழுதேன். அப்படியே பழகிட்டு."

"பரீட்சையா? பரீட்சை சித்திரையிலல்லா. அவன் நான் வாரதுக்கு முந்தின வாரம், வைகாசியிலல்லா போனான்."

"தையில போனான்."

எத்தனையோ துரைமாரின் வருஷமும் மாதமும் தலைக்குள் வைத்திருந்த மனுஷர், அந்த இரண்டு மாதப் பெயரைச் சேர்க்கமுடியாமல் உட்கார்ந்திருந்தார். பட்டாசலில் பெரியப்பாவின் பேச்சும் நின்றுவிட்டது.

"மாசியில அண்ணன் எழுதியிருந்தாகளே" என்றார் அப்பா. "பிள்ளை நடக்கான்னு. விழாம நடக்கான்னு எழுதியிருந்தாகளே."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் அங்க கூடப் படிச்சவுகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் குடுத்தேன், ஏளா" என்றார் அப்பா.